சட்டக் கல்லூரிக்குள் ஓர் இலவச உதவி மையம்: யார் போகலாம், எதைக் கேட்கலாம்

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் சட்ட உதவி மையம் ஒன்றை நடத்தியாக வேண்டும். நடத்துபவர்கள் இறுதியாண்டு மாணவர்கள், மேற்பார்வை மூத்த ஆசிரியர் ஒருவருடையது. கல்லூரி வாசலைத் தினமும் கடந்து போகிறவர்களில் பலருக்கு உள்ளே இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கல்லூரிகளும் பெரிதாக வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

மாணவர் உங்களுக்காகக் கோர்ட்டில் வாதாட முடியாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, வக்கீலாகப் பதிவு செய்தவர்களுக்கே அந்த உரிமை. ஆனால் கோர்ட்டுக்குப் போகும் முன்பே திணறுகிறவர்கள் நிறைய. வந்த நோட்டீஸில் என்ன இருக்கிறது, எந்தத் தேதிக்குள் பதில் போட வேண்டும், தாசில்தாரிடம் போவதா சிவில் கோர்ட்டுக்குப் போவதா, மனுவை எப்படி எழுதுவது? இதற்கெல்லாம் மையத்தில் உதவி கேட்கலாம்.

வழக்கு நடத்த இலவசமாக வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுக வேண்டும். மையம் வழிகாட்டும்; நீங்களே நேரடியாகவும் போகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு யாருக்குத் தகுதி என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடராலோ ஆள்கடத்தலாலோ பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு அந்தந்த மாநில அரசு வரம்பு வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்ற வழக்கு என்றால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்.

ஆக, ஒரு பெண்ணிடம் வருமானச் சான்று கேட்டால், 12ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். வசதியான பெண்ணுக்கு எதற்கு இலவசம் என்று சிலர் முணுமுணுப்பது உண்டு. வீடும் வங்கிக் கணக்கும் கணவர் பெயரில் இருக்கையில் அவளிடம் வக்கீல் பீஸுக்குக் காசு எங்கிருந்து வரும்? இந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். வருமான வரம்புக்குள் வருகிறவர்களும் சான்றுக்காக அலைய வேண்டியதில்லை. ஆணைக்குழுவுக்குச் சந்தேகம் எழாதவரை, வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரமே போதுமானதாகக் கொள்ளப்படலாம் என்கிறது 13ஆம் பிரிவு. ஒரு நிபந்தனை மட்டும் எல்லோருக்கும் பொது: மேலோட்டமாகப் பார்த்தாலாவது வழக்கில் நியாயம் தெரிய வேண்டும். இலவச உதவி கேட்ட மனுவை ஆணைக்குழு தள்ளிவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

வக்கீல் பீஸ் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், டைப்பிங், சான்றிட்ட நகல் செலவும் இதில் அடங்கும். நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவிடமே புகார் கொடுங்கள்.

இரு தரப்பையும் பேசவைத்து வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசம் ஆனால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தேர்வு நாட்களிலும் விடுமுறையிலும் கல்லூரி மையம் பூட்டியிருக்கலாம். அப்போது தாலுகா கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம், அல்லது கட்டணமில்லா 15100 எண்ணை அழைக்கலாம்.