மண் வள அட்டை: அங்ககக் கரிமத்தை முதலில் பாருங்கள்

மண் வள அட்டை கைக்கு வந்ததும் பலரும் தழை, மணி, சாம்பல் சத்துகளைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது அங்ககக் கரிமம், அதாவது மக்கிய இலைதழை, எருவிலிருந்து மண்ணில் சேரும் கரிமம். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் இருந்தால் அதிகம். குறைவு என்று வந்தால் மூட்டை உரத்தைக் கூட்டிப் போட்டுச் சரிக்கட்ட முடியாது. மக்கு, அதாவது மக்கிய எரு, சேர்ந்தால்தான் அந்த எண் ஏறும்.

மண் வள அட்டை 2015 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். கார அமில நிலை, உப்பின் அளவு, நுண்சத்துகள் உட்பட 12 விவரங்களும் உரப் பரிந்துரையும் அட்டையில் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள். திட்டம் தொடங்கியபோது வகுத்த முறைப்படி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. அப்படி எடுத்திருந்தால், ஒரு ஏக்கர்க்காரரின் அட்டையில் இருப்பது பக்கத்து வயலின் மண்ணாகவும் இருக்கலாம். வருடா வருடம் எருப் போடுபவர் தன் மண்ணைத் தனியாகக் கொடுத்துப் பரிசோதிப்பதே நல்லது.

அறுவடை முடிந்து, அடுத்த எரு போடுமுன் மாதிரி எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டுங்கள். இப்படிப் பல இடங்களில் எடுத்துக் கலந்து, அரை கிலோ கொடுத்தால் போதும். வரப்போரம், மரத்தடி வேண்டாம். எருக் குவித்திருந்த இடம் வேண்டவே வேண்டாம், கரிமத்தைக் கூட்டிக் காட்டிவிடும்.

சரி, குறைவு என்று வந்துவிட்டது. பல பயிர்களுக்கு வழக்கமான பரிந்துரை ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம். அவ்வளவு கிடைக்காவிட்டால் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். காய்ந்த சருகையும் பச்சைக் கழிவையும் சாணத்தையும் அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் மக்கு தயார். குவியலின் சூடு முழுக்கத் தணிந்து, மண்வாசம் வந்த பிறகே வயலுக்குக் கொண்டுபோங்கள். அரைகுறையாக மக்கியதைப் போட்டால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும்.

ஒரே போகத்தில் எண் மாறாது. நம் வெயிலில் மக்கு சீக்கிரம் சிதைந்துவிடுவதால் வருடந்தோறும் போட வேண்டும். அடுத்த பரிசோதனைக்கும் அதே வயலில், அதே பருவத்தில் மண் எடுங்கள். அப்போதுதான் இரண்டு அட்டைகளையும் ஒப்பிட முடியும்.