காற்றை அளக்கும் நீண்ட மூக்கு

காற்றே வீசாத நாளில் பைக்கில் வேகமாகப் போனாலும் முகத்தில் காற்று அடிக்கும். அது நம் ஓட்டத்தால் வரும் காற்று. அந்த நேரத்தில் பக்கத்து வயலிலிருந்து மெல்லிய காற்று ஒன்று வந்தால் அதை மட்டும் பிரித்துச் சொல்ல முடியுமா? வளிமண்டல ஆய்வு விமானங்கள் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டே இதைச் செய்கின்றன.

பிரிட்டனில் 1970களிலிருந்து 2001 வரை ஆய்வுக்காகப் பறந்த ஒரு ஹெர்குலிஸ் விமானத்துக்கு 'ஸ்னூப்பி' என்று செல்லப்பெயர். அதன் மூக்கிலிருந்து சுமார் 7 மீட்டர் நீளத்துக்கு, சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த ஒரு கம்பம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இடம் விட, மூக்கில் இருந்த ரேடாரையே விமானி அறைக்கு மேலே மாற்றி வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விமானம் இது.

கம்பம் எதற்கு? விமானம் வந்து சேர்வதற்குள்ளேயே முன்னால் இருக்கும் காற்று கலங்கிவிடுகிறது. இறக்கைகளால் அது மேலெழும்பும், உடற்பகுதியால் பக்கவாட்டில் விலகும். கலங்காத காற்றைத் தொட வேண்டுமென்றால் கருவி முன்னே போயாக வேண்டும். அப்படியும் கொஞ்சம் பாதிப்பு மிஞ்சும். அதைக் கணக்கில்தான் கழிக்க வேண்டும்.

பிறகு வந்த விமானங்கள் பலவற்றில் கம்பம் இல்லை. மூக்கு முனையிலேயே ஐந்து துளைகள். நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. காற்று சற்றுக் கீழிருந்து வந்தால் கீழ்த்துளையில் அழுத்தம் கூடும். அந்த வித்தியாசத்திலிருந்து காற்று வந்த கோணம் தெரியும்.

சரி, இதில் கிடைப்பது விமானத்தைப் பொறுத்த காற்றுதான். தரையைப் பொறுத்து விமானம் எப்படி நகர்கிறது என்பதை முடுக்கமானிகளும் (வேக மாற்றத்தை அளப்பவை) கைரோஸ்கோப்புகளும் (சாய்வையும் திருப்பத்தையும் அளப்பவை) ஜிபிஎஸ்ஸும் சொல்கின்றன. முன்னதைப் பின்னதோடு, திசையையும் சேர்த்து, ஒப்பிட்டுக் கழித்தால் மிஞ்சுவதே உண்மையான காற்று. இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணை எடுப்பதால் சிறு பிசகும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் மேலெழும் காற்றைப் பிடிக்க, கோணத்தை 0.06 பாகை அளவுக்குத் துல்லியமாக அறிய வேண்டும். ஒரு மீட்டர் கோலின் நுனி ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் வரும் சாய்வு, அவ்வளவுதான்!

அதனால் அமைதியான காற்றில் விமானி வேண்டுமென்றே மூக்கை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்ப்பார். கணக்கிட்ட காற்றிலும் அந்த ஆட்டம் தெரிந்தால் கருவியைத் திருத்த வேண்டும். அப்புறம் ஒரே பாதையில் போய், திரும்பி வருவார். இரண்டு முறையும் காற்று ஒன்றாகவே வர வேண்டும்.

இத்தனை பாடும் எதற்காக என்றால், காற்றின் கொந்தளிப்புதான், அதாவது ஒழுங்கில்லாமல் மேலும் கீழும் சுழலும் ஓட்டம்தான், நிலத்தின் வெப்பத்தையும் கடலின் ஈரத்தையும் மேலே தூக்கிச் செல்கிறது. மேலேறும் காற்றில் ஈரம் சராசரியைவிடக் கூடுதலாகவும், இறங்கும் காற்றில் குறைவாகவும் இருந்தால், மொத்தத்தில் ஈரம் மேலே போகிறது. காற்று மேலும் கீழும் போகும் வேகம், அதிலுள்ள ஈரம் இரண்டையும் நொடிக்குப் பல முறை அளந்து, அவை தத்தம் சராசரியிலிருந்து விலகும் அளவுகளை ஒன்றோடொன்று பெருக்கிச் சராசரி எடுத்தால் எவ்வளவு போகிறது என்பது கிடைத்துவிடும்.

இதைக் கோபுரத்தில் கருவி கட்டியும் அளக்கலாம். ஆனால் நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றில் 30 கிலோமீட்டர் நீளக் காற்று கோபுரத்தைக் கடக்க 100 நிமிடம் ஆகும். அதற்குள் வெயில் ஏறி காற்றின் குணமே மாறிவிடலாம். விமானம் அதே தூரத்தை 5 நிமிடத்தில் அளந்துவிடும்.