தெவிட்டிய கரைசலைச் ‘செறிவூட்ட’ வேண்டாம்

“100 மில்லி செறிவூட்டப்பட்ட உப்புக் கரைசலை எடுத்துக்கொள்ளவும்.” அறிவியல் மொழிபெயர்ப்புகளில் இந்த வரி அலுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. மூலத்தில் இருப்பது ‘சாச்சுரேட்டட்’. அதற்குத் ‘தெவிட்டிய கரைசல்’ என்ற சொல் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

குறிப்பிட்ட வெப்பநிலையில் இதற்குமேல் கரையாது என்ற நிலையை எட்டிய கரைசல் அது. இலத்தீன் ‘சாத்துர்’ என்றால் வயிறு நிறைந்த என்று பொருள். தெவிட்டுவதும் போதும் போதும் என்று திகட்டுவதுதான். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

செறிவு என்பது எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. தெவிட்டல் என்பது இன்னும் கரையுமா என்ற கேள்வி. தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் கரையும். அந்நீர் தெவிட்டியது, ஆனால் மிக நீர்த்தது. இதைச் செறிவூட்டியது என்றால் யார் நம்புவார்? மறுபக்கம், தூத்துக்குடி உப்பளத்தில், உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானி 20 டிகிரி காட்டும் நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு செறிந்தது. ஆனாலும் ஏறத்தாழ 25 டிகிரியைத் தொடும்வரை பாத்தியில் உப்பு விளையாது. அது செறிந்தும் தெவிட்டாத நீர்.

தவிர, ‘செறிவூட்டப்பட்ட’ என்பது சும்மா கிடக்கும் சொல்லும் அல்ல. ரேஷன் கடையில் அது அரிசிக்கு, அணு உலைச் செய்தியில் யுரேனியத்துக்கு. இரண்டிலும் யாரோ எதையோ கூட்டுகிறார்கள். தெவிட்டலில் கூட்ட முடியாது என்பதே செய்தி!

இதனால் சோதனையும் கெடும். படிகம் வளர்க்கச் சொன்னால், மாணவர் நாலு கரண்டி உப்பைக் கரைத்துச் ‘செறிவூட்டி’ நிறுத்திவிடுவார். நூலில் கட்டித் தொங்கவிட்ட விதைப் படிகம் வளராமல் கரைந்துபோகும். செய்ய வேண்டியது: 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீருக்கு 36 கிராம் உப்புதான் கரையும், 40 கிராம் போட்டு நன்றாகக் கலக்கி, அடியில் உப்பு தங்குவதைப் பார்த்து, பிறகு வடிகட்ட வேண்டும். பொடியுப்பில் கட்டிதட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளாலும் நீர் கலங்கும். அந்தக் கலங்கலைத் தெவிட்டல் என்று எண்ணக் கூடாது.

இதையே ‘36 சதவீதக் கரைசல்’ என்று எழுதுபவர்களும் உண்டு. கரைசலின் எடை 136 கிராம்; அதில் 36 என்றால் 26.5 சதவீதம். ‘கரைதிறன்’ 100 கிராம் கரைப்பானுக்குச் சொல்லப்படுவது, கரைசலுக்கு அல்ல.

இலங்கை வழக்கான ‘நிரம்பல்’ தெளிவான சொல், அதனோடு சண்டை இல்லை. ‘நிறைவுற்ற கரைசல்’ மட்டும் விழா இனிதே நிறைவுற்றது போல் ஒலிக்கிறது.

தெவிட்டும் அளவையும் மீறிக் கரைந்திருக்கும் மீதெவிட்டிய கரைசலையும் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அதிகம் செறிவூட்டப்பட்டது’ ஆக்கிவிட்டார்கள். படிப்பவர் உப்பை அதிகம் போடுவார். அது கரையாமல் அடியில் கிடக்கும். சூட்டில் கரைத்து, அசைக்காமல் ஆறவிட்டுப் பெறுவது மீதெவிட்டிய கரைசல். அதற்கும் சாப்பாட்டு உப்பு சரிப்படாது: 100 டிகிரியிலும் அதன் கரைதிறன் சுமார் 39 கிராம்தான்.