செவுள் வெளுத்த மீன் பழைய மீன்தானா?

மீன் வாங்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த சோதனை, செவுளைத் தூக்கிப் பார்ப்பது. சிவப்பாக இருந்தால் புதுசு, வெளுத்திருந்தால் பழசு. வீட்டுப் பெரியவர்களிடம் கற்றுக்கொண்ட இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான். ஆனால் மீனின் ருசியைக் கூட்டக்கூடிய ஒரு நல்ல வழக்கம் நம் கரையில் பரவாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

மீனவர்களுக்கு மீன் கையாளும் பயிற்சி கொடுப்பது என் வேலை. பிடித்த உடனே பெரிய மீனின் இரத்தத்தை வடித்துவிடுங்கள் என்று எங்கே சொன்னாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “வடிச்சா செவுள் வெளுத்துப்போகும் சார். ஏலத்துல பழைய மீன்னு ஒதுக்கிருவாங்க.” அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. அதனால்தான் படகில் போகிறவர்களோடு, வாங்கிச் சமைக்கிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

மீன் செத்ததும் சீக்கிரம் கெடுகிறவற்றில் இரத்தம் ஒன்று. கிருமிகளுக்கு அது நல்ல தீனி. அதிலுள்ள இரும்புச்சத்து, மீனின் கொழுப்பில் சிக்கு வாடை வருவதை வேகப்படுத்துகிறது. சூரை வேண்டாம், கவிச்சி அடிக்கும் என்று பல வீடுகளில் ஒதுக்குகிறார்களே, உடம்பிலேயே தங்கிப்போன இரத்தம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். சூரை, வஞ்சிரம், பாறை போன்ற பெரிய மீன்களில் வடித்ததற்கும் வடிக்காததற்கும் உள்ள வித்தியாசம் வெட்டும்போதே தெரியும். வடித்த மீனின் சதை வெளிறிச் சுத்தமாக இருக்கும். நடுமுள்ளை ஒட்டி இரத்தக் கட்டு இருக்காது.

இதைச் செய்வது கஷ்டமில்லை, நேரம்தான் முக்கியம். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே வெட்டினால்தான் இரத்தம் வெளியே தள்ளப்படும். தூண்டிலில் ஏறிய மீனைத் தலையில் கட்டையால் ஒரே அடி அடித்து அசைவை நிறுத்த வேண்டும். உடனே செவுள் வளைவுகளை இரண்டு பக்கமும் கத்தியால் அறுத்து, சுத்தமான கடல்நீர் உள்ள தொட்டியில் தலைகீழாக விட வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் வடிந்துவிடும். அப்புறம் நேராக ஐஸுக்கு. வலையில் மாட்டி ஏற்கெனவே செத்துவிட்ட மீனில் இரத்தம் உறைந்திருக்கும், அறுத்துப் பெரிய பலன் இல்லை. அதற்கு எவ்வளவு சீக்கிரம் ஐஸ் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

தலையில் அடிக்கச் சொல்வது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். தளத்தில் போட்டுத் துள்ள விட்டால், மீன் தன் தசையில் இருக்கிற சக்தியை எல்லாம் எரித்துவிடும். லாக்டிக் அமிலம் சேரும், உடம்புச் சூடும் ஏறும். சூரையில் இது ரொம்ப மோசம். சதை வெளுத்துக் குழைந்துபோகும். ஜப்பானியர்கள் இதற்காகவே இகேஜிமே என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கூரான கம்பியால் மூளையைக் குத்தி மீனை நொடியில் சாகடித்து, இரத்தத்தை வடித்து, பல நேரம் முதுகெலும்புக் கால்வாயில் மெல்லிய கம்பியையும் விட்டு நரம்பைச் செயலிழக்கச் செய்வார்கள். மீன் துடித்துச் சாவது இதனால் தவிர்க்கப்படுகிறது. அதோடு, தசையில் ஏ.டி.பி. என்ற சக்திப்பொருள் மிச்சமிருக்கும். அது மெல்ல உடைந்து இனோசினிக் அமிலம் ஆகும்போதுதான் மீனுக்கு அந்தத் தித்திப்பான ருசி வருகிறது. இன்னும் உடைந்தால் கசப்புத் தரும் பொருளாக மாறிவிடும். முதல் மாற்றத்தை விரும்பி, அடுத்ததைத் தள்ளிப்போட நமக்கு இருக்கிற ஒரே கருவி குளிர்.

அங்கேதான் நம் ஊரில் இன்னொரு தடை. “ஐஸ் மீனா? வேண்டாம்பா” என்று முகம் சுளிக்கிற பழக்கம். ஐஸில் நாள் கணக்காகக் கிடந்து வந்த மீனைச் சாப்பிட்ட அனுபவத்தில் வந்த வெறுப்பு அது. ஆனால் ஐஸே படாமல், பைபர் படகின் அடித்தளத்தில் நாலைந்து மணி நேரம் வெயிலில் கிடந்த ‘ஃப்ரெஷ்’ மீன், முறையாக ஐஸில் வைத்து மறுநாள் வந்த மீனைவிடத் தரம் குறைந்தது. நம் கடல்நீரே 28 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தக் கத்திரி வெயிலில் நமக்கு மீன் கொண்டுவருகிறவை சின்னப் படகுகள். அன்றைக்கே திரும்பிவிடுவோமே என்று ஐஸ் எடுக்காமல் போகிறவர்களும் அவர்களில்தான் அதிகம். அவர்கள் மீது நான் குறை சொல்ல மாட்டேன். ஐஸுக்குக் கொடுக்கிற காசு ஏலத்தில் திரும்பி வராதபோது யார்தான் செலவழிப்பார்கள்?

எவ்வளவு ஐஸ் வேண்டும்? 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 3 கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். வெளிச்சூடு பெட்டிக்குள் நுழைந்துகொண்டே இருக்கும், அதையும் ஐஸ்தான் தாங்க வேண்டும். அதனால் மீன் எவ்வளவோ ஐஸும் அவ்வளவு என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. பெரிய கட்டிகளாகப் போட்டால் மீன் நசுங்கும், எல்லா இடத்திலும் படாது. நன்றாக உடைத்து அடியில், பக்கங்களில், மீன்களுக்கு இடையில், மேலே என்று பரப்ப வேண்டும். உருகும் நீர் மீனைக் கழுவிக்கொண்டு வெளியேற ஓட்டை இருக்க வேண்டும். நம் கடல் மீன்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. அவற்றின் மேல் வாழும் கிருமிகள் வெதுவெதுப்பான நீருக்குப் பழகியவை, ஐஸின் குளிரில் முடங்கிப்போகும். அதனால் பொதுவாகக் குளிர்கடல் மீனைவிட நம் மீன் ஐஸில் கூடுதல் நாள் தாங்கும்.

ருசியைத் தாண்டிய ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றிவிடும். ஒருமுறை உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மீனில் கெட்ட வாடை வர வேண்டும் என்றும் இல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, படபடப்பு வரும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதைத் தடுக்கிற இடம் சமையலறை இல்லை, படகுதான்.

சுறாவையும் திருக்கையையும் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றின் உடம்பில் யூரியா அதிகம், கெடும்போது அது அமோனியாவாகி மூக்கைத் துளைக்கும். அவற்றை உடனே இரத்தம் வடித்து, குடல் எடுத்து ஐஸில் வைத்தால் இந்த வாடை பெருமளவு குறையும். கடைசியாக மீன் கழுவுவது: நடுக்கடல் நீரில் கழுவிக்கொண்டு வாருங்கள். டீசலும் சாக்கடையும் கலந்த துறைமுக நீரில் மீனை அலசுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

சரி, வாங்குகிறவர் என்ன செய்வது? செவுளைப் பாருங்கள், ஆனால் நிறத்தோடு நிறுத்தாதீர்கள். இரத்தம் வடித்த மீனின் செவுள் வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும், ஆனால் சுத்தமாக இருக்கும், கடல் வாசனை அடிக்கும். பழைய மீனின் செவுள் பழுப்பேறி, கொழகொழவென்று சளி பிடித்து, மூக்கருகே கொண்டுபோனதுமே காட்டிக்கொடுத்துவிடும். கண் மேடாகவும் தெளிவாகவும் இருக்கிறதா, விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழும்புகிறதா, வயிறு உடையாமல் இருக்கிறதா என்பவை வடித்த மீன், வடிக்காத மீன் இரண்டுக்கும் பொதுவான சோதனைகள். வீடு தூரம் என்றால் ஒரு பை ஐஸ் கேட்டு வாங்குங்கள். வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், ருசி அதிலேயே இறங்கிவிடும்.

ஏலம் விடுகிறவர்களிடமும் வியாபாரிகளிடமும் நான் கேட்பது ஒன்று உண்டு. இரத்தம் வடித்த மீனை மற்ற மீனோடு கலந்து கொட்டாமல் தனிக் கூடையில் வையுங்கள். ‘பிடித்ததும் வடித்தது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு மீனை வெட்டி நடுமுள்ளைக் காட்டுங்கள். வாங்குகிறவர் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்து நாலு காசு கூடுதலாகக் கொடுத்தால், அடுத்த முறை கடலுக்குப் போகும்போது அந்தப் படகில் கத்தியும் தொட்டியும் ஐஸும் தானாகவே ஏறும்.