தீங்கற்ற கட்டியா, புற்றல்லாக் கழலையா?

“தீங்கு இல்லேன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு நெஞ்சைத் திறக்கணும்?” அப்பாவின் மருத்துவ அறிக்கைத் தமிழாக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மகன் என்னிடம் கேட்டார். தாளில் ‘இதயத்தின் தீங்கற்ற கட்டி, டி15.1’ என்று இருந்தது. அதை நம்பி, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நோய்க்குக் குறியீடு போடுவதுதான் என் வேலை, இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தேன். அன்றைக்குத்தான் கோபமே வந்தது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘தீங்கற்ற’ என்று நாம் தமிழாக்குவது பினைன் என்ற ஆங்கிலச் சொல்லை. அது இலத்தீன் வழி வந்தது, நல்ல பிறப்பு, நல்ல குணம் என்று பொருள். புற்றுக்குச் சொல்லும் மாலிக்னன்ட் அதற்கு எதிர், கெட்ட குணம். ‘கட்டி’ என்று எழுதப்படும் டியூமர் என்றால் வெறும் வீக்கம். நியோபிளாசம் கிரேக்கம்: புதிதாய் உருவானது. குறியீட்டுப் புத்தகத்தில் இருப்பது இந்தக் கடைசிச் சொல்தான்.

‘நல்ல குணம்’ எப்படித் ‘தீங்கற்ற’ ஆனது என்று புரிகிறது. ஆனால் இங்கே குணம் என்பது திசுவின் குணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், பத்தாம் பதிப்பில், டி10 முதல் டி36 வரை புற்றல்லாத வகைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இதயத்தில் வரும் புற்று என்றால் சி38.0, புற்று அல்லாதது என்றால் டி15.1. திசு வகையைச் சொல்லத் தனியாக இன்னொரு எண் உண்டு. மிக்சோமா என்ற புற்றல்லாத வகைக்கு 8840/0. சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த 0, திசு எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காட்டுவது. அதுவே 3 என்று இருந்தால் புற்று. நோயாளிக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று இந்த எண் எங்கேயும் சொல்லவில்லை.

இதயத்தில் அந்த ஆபத்து எப்படி வரும் என்று பாருங்கள். பெரியவர்களுக்கு இதயத்திலேயே முளைக்கும் புற்றல்லாத கட்டிகளில் மிக்சோமா முக்கியமானது. நாலில் மூன்று பங்கு இடது மேலறையில்தான் வரும். கூழ்போலக் கொழகொழவென்று, பெரும்பாலும் ஒரு காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். எக்கோ என்ற ஒலியலைப் படத்தில் பார்த்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் ஊசலாடி, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வின் வாசலுக்குள் இறங்கி ஏறுவதைக் காணலாம். வாசலை அடைத்துவிட்டால் மயக்கம், சில நேரம் திடீர் மரணம். ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இதைப் போய்த் ‘தீங்கற்ற’ என்று எப்படி எழுத மனம் வருகிறது? குழந்தைகளுக்கு இதயத்தில் வரும் ரேப்டோமயோமா என்ற புற்றல்லாத கட்டி பல நேரங்களில் தானாகவே சுருங்கிவிடும், அங்கே அந்தச் சொல் ஓரளவு பொருந்தலாம். ஆனால் அதற்கும் இதே டி15.1 தானே!

நோயாளி பயப்படாமல் இருக்கத்தான் அப்படி எழுதுகிறோம் என்பார்கள் சிலர். பயத்தைப் போக்குவது மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டிய வேலை. அதை ஒரு நோய்ப் பெயரின் தலையில் கட்டினால், அந்த மகனுக்கு நடந்ததுதான் நடக்கும். ஆங்கிலத்திலும் மென்மையான சொல்தானே என்று இன்னொரு வாதம். ஆங்கிலச் சொல்லில் ஏற்கெனவே இருக்கும் குழப்பத்தைத் தமிழுக்கும் எதற்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

‘பரவாக் கட்டி’ என்று ஒரு ஆக்கம் உண்டு. முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மிக்சோமாவின் துணுக்கு ரத்தத்தோடு போய் வேறிடத்தில் அடைக்கிறதே, அதைப் படிப்பவர் பரவுவது என்றுதான் எடுத்துக்கொள்வார். தோலில் வரும் சில புற்றுகளோ பெரும்பாலும் வேறு உறுப்புக்குப் போவதில்லை. ஆக, பரவல் சரியான அளவுகோல் இல்லை. ‘சாதுக் கட்டி’, ‘நற்கட்டி’ இரண்டும் தீங்கற்ற கட்டியின் தம்பிகள்தான், அவற்றைப் பற்றித் தனியாகப் பேச ஒன்றுமில்லை.

‘கட்டி’ என்ற பாதியிலும் எனக்குச் சிக்கல் உண்டு. சீழ் பிடித்தாலும் கட்டி, ரத்தம் உறைந்தாலும் ரத்தக் கட்டி. இதயத்துக்குள் ரத்தம் உறைந்து நின்றால் அதற்கு ஐ51.3, முற்றிலும் வேறு குறியீடு, வேறு சிகிச்சை. ‘இதயத்தில் கட்டி’ என்று மட்டும் எழுதினால் இரண்டில் எது என்று யாருக்குத் தெரியும்? நம்மிடம் கழலை என்று அருமையான சொல் இருக்கிறது. கொழுப்புக் கழலை, முன்கழுத்துக் கழலை என்று இன்றைக்கும் எழுதுகிறோம். உறைந்த ரத்தத்தையோ சீழையோ யாரும் கழலை என்பதில்லை. அதனால் என் தேர்வு: இதயப் புற்றல்லாக் கழலை. நீளம்தான், ஆனால் எது இல்லை என்பதையும் எது என்பதையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. உறைந்த ரத்தத்துக்கு ரத்த உறைவு என்றே எழுதலாம்.

இதைவிட என்னை வாட்டுவது ‘வீரியம் மிக்க கட்டி’. மாலிக்னன்ட் என்பதற்கு இப்போது எங்கே பார்த்தாலும் இதுதான். வீரியம் என்பது விதைக்கும் மருந்துக்கும் நாம் பாராட்டாகச் சொல்வது. புற்று என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்க, நோய்க்குப் போய் வீரியம் சேர்க்கிறார்கள். மொழிபெயர்ப்பு இயந்திரம் கொடுத்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தாலே மொழிபெயர்ப்பவர் அதை அடித்திருப்பார். குறியீட்டை மட்டும் புள்ளி பிசகாமல் சரிபார்க்கிறோம், பக்கத்தில் இருக்கும் தமிழை யாரும் பார்ப்பதில்லை.

அந்த மகனின் தாளில் ‘தீங்கற்ற கட்டி’யைப் பேனாவால் அடித்து, மேலே ‘புற்றல்லாக் கழலை’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்போ புற்று இல்லை, ஆனா எடுத்தாகணும், அதானே?” என்றார்.