தொலைநலம்

டெலிஹெல்த் என்றால் தொலைபேசியிலும் வீடியோவிலும் உடல்நலச் சேவை கொடுப்பது. அதைத் தமிழில் பலர் 'தொலைமருத்துவம்' என்று எழுதிவிடுகிறார்கள். தொலைமருத்துவம் என்பது டெலிமெடிசின். தூரத்தில் இருக்கும் வைத்தியர் நோயைப் பார்ப்பது. ஆனால் டெலிஹெல்த்தில் குடும்பத் திட்டமிடலும் அடங்கும். கருத்தடை மாத்திரை கேட்டு வரும் பெண்ணுக்கு நோய் ஒன்றும் இல்லை. அவரோடு கதைப்பவரும் பல வேளைகளில் வைத்தியர் அல்ல, தாதியோ ஆலோசகரோதான். 2020இல் கொரோனா பரவியபோது அமெரிக்காவின் பொதுக் குடும்பத் திட்டமிடல் கிளினிக்குகள் தொலைபேசியிலும் வீடியோவிலும் கருத்தடைச் சேவையைப் பெரிய அளவில் கொடுத்தன. அதைத் தமிழில் சொல்லும்போது அந்தப் பெண்ணை நோயாளி ஆக்கிவிடக் கூடாது.

'டெலி' கிரேக்கச் சொல், தூரத்தில் என்று பொருள். தொலைபேசி, தொலைக்காட்சி என்று 'தொலை' நமக்குப் பழகிவிட்டது. 'தூரம்' என்று வைத்தால் சிக்கல்: அந்தச் சொல்லுக்கு மாதவிலக்கு என்ற பொருளும் உண்டு. கருத்தடை பற்றிய பேச்சில் அது கட்டாயம் குழப்பும்.

'ஹெல்த்', முழுமை என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லோடு உறவுடையது. நம் அரச பலகைகளில் அது சுகாதாரம். ஆனால் சுகாதாரம் என்றால் எனக்குக் கிணறும் மலசலகூடமும் டெங்குப் புகையும்தான் முன்னுக்கு வரும். நலம் அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் வாயால் மிட்வைஃப் என்று கூப்பிட்டாலும், எழுத்தில் அவர் குடும்ப நல உத்தியோகத்தர். வீடு தேடி வந்து குடும்பத் திட்டம் பற்றிக் கதைப்பவரின் பதவியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதனால் தொலைநலம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு யோசிப்பது வீண் வேலையல்ல.

சரி, தொலைநலத்தில் என்னென்ன அடங்கும்? எந்த முறை தனக்குப் பொருந்தும் என்று கேட்பது, பக்கவிளைவு சொல்வது, மாத்திரையைத் தொடர்வது. கருப்பைக்குள் லூப் போடவும் கையில் தோலுக்கடியில் இம்பிளான்ட் என்ற கருத்தடைக் குச்சி வைக்கவும் நேரில்தான் போக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் சேர்ந்த மாத்திரை தொடங்குமுன் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். ஆனாலும் நெடுந்தீவில் இருப்பவருக்கு யாழ் நகரம் என்றால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு, அப்புறம் பஸ். ஒரு சின்னக் கேள்விக்கு ஒரு பகல் போய்விடும்.

மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் கிளினிக்கிலிருந்து போன் அடிக்கிறது என்றால், கூப்பிடுபவரின் முதல் கேள்வி மாத்திரையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "இப்ப தனியக் கதைக்கலாமோ?" என்பதாக இருக்க வேண்டும்.