தருமபுரியைத் தேடும்போது சேலத்தையும் சேருங்கள்

ஆய்வேட்டுக் காலம் வந்தால் மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கு முதுநிலை மாணவர்கள் கொண்டுவரும் புகார் ஒன்றுதான்: "சார், இந்த டாபிக்ல எதுவுமே இல்ல." டாபிக் பெரும்பாலும் ஃபுளோரோசிஸ், குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்க்காத டாக்டர் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இருக்க மாட்டார். அதில் ஆய்வே இல்லையா? மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் என்ன அடித்தீர்கள் என்று கேட்டால் "தர்மபுரி ஃபுளோரோசிஸ்" என்பார்கள்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன் ஓசூரில் நடந்த ஆய்வு தருமபுரி மாவட்டம் என்றுதான் அச்சாகியிருக்கும். தருமபுரியே 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 1969 வரை மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். சிலர் தலைப்பில் தென்னிந்தியா என்று போட்டுவிட்டு ஊர்ப் பெயரைக் கட்டுரைக்குள்ளே எங்கோ புதைத்திருப்பார்கள். பப்மெட் தேடுவதோ தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் முகவரி மாதிரியான பதிவு விவரங்களில்தான், முழுக் கட்டுரையில் அல்ல. அதனால் ஊர்ப் பெயர்கள் அத்தனையையும் 'ஆர்' (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். நோயின் பெயர்கள் இன்னொன்றில். நடுவில் 'அண்ட்' (AND, இரண்டும் இருக்க வேண்டும்).

நோய்க்கும் பழைய பெயர் உண்டு, 'மாட்டில்டு எனாமல்'. கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக ஒரே மாதிரி ஒட்டப்படும் தலைப்புகளுக்கு மெஷ் (MeSH) என்று பெயர்; 'ஃபுளோரோசிஸ், டென்டல்' என்ற மெஷ் தலைப்பைப் போட்டால் பெயர் மாறியிருந்தாலும் கட்டுரை சிக்கும். ஆனால் பப்மெட்டின் முக்கியத் தொகுப்பான மெட்லைனில் சேராத இந்திய இதழ்களுக்கு மெஷ் கிடையாது. எனவே சாதாரணச் சொல்லையும் கூடவே போடுங்கள். 'நாட்' (NOT, இந்தச் சொல் உள்ளவை வேண்டாம்) போடுவது எனக்குப் பிடிக்காது. எலியில் நடந்த ஆய்வுகள் வேண்டாமென்று வெட்டினால், எலியோடு மனிதரையும் பேசும் கட்டுரை சேர்ந்தே போய்விடும்.

தேடல் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பொருத்தமானவை என்று உங்கள் கைடு சொல்லும் மூன்று நான்கு கட்டுரைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவை முடிவுகளில் வரவில்லையென்றால் வலையில் ஓட்டை. வராத கட்டுரையைத் திறந்து, அதன் ஆசிரியர் என்ன சொல் போட்டிருக்கிறார் என்று பார்த்து அதையும் சேருங்கள். முதல் பக்கத்தோடு மூடிவிடுபவர்களுக்கு இதற்குப் பொறுமை இருப்பதில்லை.

பப்மெட்டில் வராததும் நிறைய. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் நம்மூர் எம்.டி. ஆய்வேடுகள் முழுசாகக் கிடைக்கின்றன. உங்கள் சீனியர் இதே பள்ளிகளில் எண்ணிய பற்கள் அங்கே இருக்கலாம். 'இண்டியன் மெடிக்கல் கெசட்'டின் பழைய இதழ்கள் முழுக் கட்டுரைகளைத் தரும் பப்மெட் சென்ட்ரல் தளத்தில் இலவசம். நெல்லூர் ஃபுளோரோசிஸ் பற்றிய 1937 கட்டுரை அந்த இதழில் வந்ததுதான்.

கிடைத்ததை அட்டவணையில் ஏற்றும்போது வெளியான ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். தண்ணீர் மாதிரி எந்த ஆண்டு எடுத்தது என்பதையும் எழுதுங்கள். இங்கே காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013-இல். 2015-இல் வந்த கட்டுரைக்கு 2010-இல் எடுத்த போர்வெல் தண்ணீராக இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், முதலில் கை வைப்பது அங்கேதான்.